ஒரே ஒரு கொதி

நெத்திலி ஆய்வதில் அக்காவுக்கு ஈடு கிடையாது. கத்தி எடுக்கவே மாட்டாள். கட்டைவிரல் நகத்தைத் தலைக்குக் கீழே கொடுத்து ஒரு கிள்ளு, வாலை நோக்கி ஒரு இழுப்பு, அவ்வளவுதான். தலை, குடல், நடுமுள் எல்லாம் ஒரே சரமாக வந்துவிடும். கையில் மிஞ்சுவது இரண்டு இதழ் சதை. அதை அலசி மிக்ஸி ஜாரில் போடுவாள். கூடவே தோல் உரித்த இறால், வெந்நீரில் ஒரு முறை முக்கி எடுத்த கீரை, தோல் நீக்கிய பட்டாணி, ஒரு பல் பூண்டு. எல்லாம் விழுதான பிறகு ஜெலட்டினைக் கரைத்து, சூடு ஆறவிட்டு, அதில் ஊற்றிக் கலப்பாள். கடைசியாக வைட்டமின் சொட்டு மருந்து. பிறகு பிளாஸ்டிக் பையில் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வைத்தால், மறுநாள் பச்சைப் பலகையாக இறுகியிருக்கும். வேளைக்கு ஒரு துண்டு ஒடித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பாடும் மனுஷர்களுக்கு இல்லை. மீன்களுக்கு.

மீன்கள் அவளுடைய தம்பியுடையவை. தம்பி லிஃப்ட் மெக்கானிக். பெரிய பெரிய கட்டடங்களின் அடிக்குழிக்குள் இறங்கி, கிரீஸும் இருட்டுமாக நாளைக் கழித்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் கொஞ்சம் வெளிச்சமான தண்ணீர் வேண்டியிருந்தது. பின்னறையில் சுவரை அடைத்த மாதிரி ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தான். அதில் டிஸ்கஸ் மீன்கள். விரித்த உள்ளங்கை அகலம், தட்டு மாதிரி வட்டம், நீல உடம்பில் சிவப்புக் கோடுகள். ரோஷக்கார ஜாதி. தண்ணீர் லேசாகக் குளிர்ந்தாலும் மூலையில் போய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கடையில் வாங்கிய தீனியை மோந்து பார்த்துவிட்டு, இதைப் போய்த் தின்னச் சொல்கிறாயா என்பது போல நகர்ந்துவிடும். இருப்பதிலேயே பெரியதற்கு மகாராணி என்று பேர்.

அக்கா அந்த வீட்டுக்கு ஒரு பெட்டியோடு வந்தவள். அவள் புருஷன் வேறு ஊரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். அந்தப் பேச்சை அவள் எடுப்பதில்லை, நாமும் எடுக்க வேண்டாம். தம்பி அவளுக்குத் தொட்டி இருந்த பின்னறையைக் கொடுத்தான். ஹீட்டரின் கதகதப்பும் மோட்டாரின் முணுமுணுப்புமாக அந்த அறை நன்றாகத்தான் இருந்தது. தண்டச்சோறு என்று அங்கே யாரும் அவளைச் சொல்லவில்லை. ஆனால் தட்டில் கை வைக்கும்போதெல்லாம் அவளே தன்னைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஒரு நாள், சமையலுக்கு வாங்கிய நெத்திலியில் ஒன்றை ஆய்ந்து, சும்மா பார்ப்போமே என்று தொட்டியில் போட்டாள். மகாராணி பாய்ந்து வந்து கவ்விய வேகத்தில் தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது. தம்பி வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் போட்டுக் காட்டினாள். அவன் சின்னப் பையன் மாதிரி சிரித்தான். அன்றையிலிருந்து தீனி அவள் பொறுப்பு. வந்தவர்களிடம் எல்லாம், எங்க அக்கா கைப்பக்குவம் என்று அவன் சொல்லும்போது அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும். முதலில் இறால்தான் அதிகம், நெத்திலி கொஞ்சம். நெத்திலி மலிவு, அவள் விரலுக்கும் பழகிவிட்டது, மீன்களும் கேட்டன. போகப் போக நெத்திலி கூடிக்கொண்டே போயிற்று. எல்லாம் பச்சையாகத்தான். மீனுக்கு எதற்கு அடுப்பு?

ஒரு வருஷம் தொட்டி ஜொலித்தது. அதற்குள் தம்பிக்குக் கல்யாணமும் ஆயிற்று.

வந்த பெண் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். நல்ல பெண். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் விஷம் கிடையாது. அக்காவுக்கு முழங்கால் வலி என்று தெரிந்ததும், கேட்காமலே தைலம் கொண்டுவந்து வைத்தாள். ஒரே மிக்ஸியில் மீன் தீனியும் வீட்டுச் சட்டினியும் அரைபடுவதைப் பார்த்துவிட்டு, "அண்ணி, என்னைக்காவது ஜார் மாறிப்போச்சுன்னா முன்னாடியே சொல்லிடுங்க, நானும் தொட்டிக்குள்ளயே போய்ப் படுத்துக்கறேன்" என்றாள். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த வருஷ மழைக்காலத்தில் அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதக் கரு கலைந்தது. வாய் ஓய்ந்துபோய்ப் படுத்திருந்தவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்ததும் அக்காதான். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு அக்காவைக் கெட்டவள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பிறகுதான் ஒரு மீன் கோணிக்கொண்டு நீந்த ஆரம்பித்தது. காற்றில் சாய்ந்த குடை மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்தே போகும். நிறமும் கறுத்தது. தம்பி அதற்குக் கோணல் என்று பேர் வைத்துச் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. சில நாளில் இன்னொன்றும் சாய்ந்தது.

வேலை விட்டு வரும் வழியில் மீன்தொட்டிக்கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்தது தம்பி பெண்டாட்டிதான். கூடத்தில் உட்கார்ந்து புருஷனிடம் விவரமாகச் சொன்னாள். பச்சை நெத்திலியில் வைட்டமினைத் தின்கிற ஒரு சத்துரு இருக்கிறதாம். நாம் விடுகிற சொட்டு மருந்தையும் அதுவே தின்றுவிடுமாம். ஃப்ரீசரில் வைத்தாலும் அது சாகாது, உள்ளே கிடந்தபடியே மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருக்குமாம். வைட்டமின் இல்லாமல்தான் மீனுக்கு நரம்பு தளர்ந்து தலை சுற்றுகிறது. இறால் பச்சையாக இருந்தால் பரவாயில்லை, நெத்திலியை மட்டும் ஒரே ஒரு கொதி விட்டு எடுத்தால் போதும், அந்தச் சத்துரு செத்துப்போகும். கடைக்காரர் சொன்னது இவ்வளவுதான்.

அக்கா அப்போது அடுப்படியில் மிக்ஸி ஜாரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது. அவளிடம் யாரும் சொல்லவில்லை. அதுதான் அவளைக் குத்தியது. நான் செய்கிற தீனியைப் பற்றி இவர்கள் கூடத்தில் பஞ்சாயத்து வைக்கிறார்கள், நான் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன் என்று நினைத்தாள்.

தம்பி எழுந்து வந்து, பக்குவமாகத்தான் சொன்னான். இனிமேல் தீனி செய்கிற வேலையை அவளே பார்த்துக்கொள்ளட்டும், உனக்கும் முழங்கால் வலி, இரண்டு வேளையும் போடுவதை மட்டும் நீ பாரு.

"ஆத்துல இருக்கற மீனுக்கு யாருப்பா அடுப்பு மூட்டி வச்சிருக்கா?" என்றாள் அக்கா.

தம்பி சிரித்தான். தம்பி பெண்டாட்டியும் சிரித்தாள். ஆனால் தீனி செய்கிற வேலை கைமாறிவிட்டது.

விடுமுறை நாளில் தம்பி பெண்டாட்டி நெத்திலியை வேகவைத்து, மற்றதெல்லாம் அக்கா செய்கிற மாதிரியே செய்து, பையில் பரப்பி ஃப்ரீசரில் வைத்தாள். கீரையின் பச்சையில் வெந்ததும் வேகாததும் ஒரே நிறம், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மறுநாள் எல்லாரும் வேலைக்குப் போன பிறகு அக்கா அதில் ஒரு துண்டு ஒடித்தாள். மோந்து பார்த்தாள். செத்த வாசனை என்று தோன்றியது. குளியலறைக்குப் போய்க் கழிப்பிடத்தில் போட்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். ஐஸ் தட்டுக்கு அடியில் அவள் பதுக்கி வைத்திருந்த பழைய பச்சைப் பலகையிலிருந்து ஒரு துண்டு ஒடித்துத் தொட்டியில் போட்டாள்.

சத்தியமாக, மீன்களைக் காப்பாற்றுவதாகத்தான் அவள் நினைத்தாள். அந்தப் பெண் தெரியாமல் எதையோ அவித்துக் கொடுக்கிறாள், நாம் தெரியாமலே சரிசெய்துவிடுவோம், மீன் தேறியதும் ஒரு நாள் எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லிச் சிரிக்கலாம். இதுதான் கணக்கு. பதுக்கியது தீர்ந்தபோது, பகலில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நெத்திலி வாங்கிவந்து மறுபடியும் பச்சையாக அரைத்தாள். அந்தப் பெண் வேகவைத்தது காலையிலும் சாயங்காலமும் வாளித் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது.

மீன் தேறவில்லை. மகாராணி தின்பதை நிறுத்தினாள். ஒரு நாள் தலைகீழாகச் சுழன்றாள், ஓய்ந்தாள், மறுபடியும் சுழன்றாள். தம்பி வேலைக்குப் போகாமல் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மத்தியானம் மகாராணி மேலே மிதந்தாள்.

தம்பி பெண்டாட்டி வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவன் ஆரம்பித்துவிட்டான். மீனை அவிச்சுக் கொன்னுட்ட என்றான். அவள், கடைக்காரர் சொன்னபடிதானே செய்தேன், வேண்டுமானால் அவரையே வரச்சொல்லிக் கேளுங்கள் என்றாள். அக்கா வைத்தவரைக்கும் ஒன்றும் சாகவில்லை என்றான். அவளும் விடவில்லை. கோணல் உங்கள் அக்கா காலத்திலேயே சாய்ந்துவிட்டது, அது மட்டும் கண்ணில் படவில்லையா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்குப் பதில் இல்லாதபோது மனுஷனுக்கு வாயில் எது வருமோ அதுவே அவனுக்கும் வந்தது.

"உன்கிட்ட எதுதான் தங்கியிருக்கு?" என்றான்.

சொன்னவனுக்கே தான் என்ன சொன்னோம் என்பது தாமதமாகத்தான் உறைத்தது. அந்தப் பெண் அவனைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தாள். எதுவும் தெரிந்து பார்க்கவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தவள் என்பதால், இவளாவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று பார்த்தாள்.

இந்தா, நான் போட்டது வேகாதது என்று அக்கா சொன்னால் முடிந்தது. ஆனால் அவன் வாயில் வந்த வார்த்தையை இப்போதுதான் கேட்டாள். தன் மனைவிக்கே இது என்றால், பெட்டியோடு வந்தவளுக்கு என்ன வரும்? அவள் குனிந்து, தரையில் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அந்தப் பெண் மறுநாள் காலையில் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். போவதற்கு முன் மிக்ஸி ஜாரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

இனி ஒளிவுமறைவு தேவையில்லை. அக்கா பட்டப்பகலில் பச்சைத் தீனி போட்டாள். கோணல் இன்னும் கோணியது. இன்னொன்று மணலில் ஒருக்களித்துப் படுத்தது. தம்பி, அவ போட்டதோட விஷம் இறங்க நாளாகும் என்றான். அக்கா ஆமாம் என்றாள்.

நடுவில் கடலில் காற்று என்று சொல்லிச் சந்தைக்கு மீனே வரவில்லை. அக்காவின் தீனிப் பை காலியாயிற்று. ஃப்ரீசரின் அடியில் அந்தப் பெண் கடைசியாகச் செய்து வைத்த பலகை ஒன்று மட்டும் முழுசாகக் கிடந்தது. பட்டினி போடுவதற்கு இது மேல் என்று அதை ஒடித்துப் போட்டாள். அடுத்த வேளையும் அதுதான். காற்று அடங்கவில்லை, அதனால் தொடர்ந்து அதுவே. சில நாள் கழித்து ஒரு காலையில், தொட்டி விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பியவள், எதையோ பார்த்த மாதிரி இருக்கவே மறுபடியும் திரும்பினாள். கோணல் நேராக நின்றுகொண்டிருந்தது. சுவரில் மாட்டிய தட்டு மாதிரி, அப்படியே நேராக.

அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வலியால் இல்லை.

காற்று அடங்கி நெத்திலி வந்ததும் வாங்கிவந்து, யாரும் இல்லாத நேரத்தில் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். கொதி வந்தது. நெத்திலிச் சதை வெள்ளையாகச் சுருண்டது. ஒரே ஒரு கொதி. இதற்குத்தானா இவ்வளவும் என்று நினைத்தாள். படுத்திருந்த மீனும் எழுந்தது. மீன்களுக்கு நிறம் திரும்பியது.

ஒவ்வொரு மீனும் எழுந்து நிற்க நிற்க, தம்பி தலைகால் புரியாமல் ஆடினான். பழையபடி நீ பச்சையாகப் போட ஆரம்பித்த பிறகுதானே இதெல்லாம் என்றான். தொட்டிக்கடைக்காரரிடம் போய், எங்க அக்காவுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையே என்று சொல்லிவிட்டும் வந்தான். அம்மா வீட்டில் இருந்த மனைவிக்குப் போன் போட்டு, வந்து பாரு, எங்க அக்கா கையில எல்லாம் எழுந்து நிக்குது என்று சத்தமாகச் சொன்னான். அக்கா பக்கத்தில்தான் நின்றாள். அவள் கொடுத்த ஒவ்வொரு கொதியும் அந்தப் பெண்ணின் மேல் விழுந்த குற்றத்தை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தது. மறுமுனையில் அந்தப் பெண், துணியெல்லாம் அங்கேயே இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் வருகிற அன்று தம்பிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நெத்திலி வாங்கிட்டு வரேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். முகத்தைப் பார்க்க வெட்கம். அவன் வருவதற்குள் கையில் இருந்த கொஞ்சத்தை வேகவைத்து முடித்துவிடலாம் என்று அக்கா அவசரமாக அடுப்பைப் பற்றவைத்தாள். வாசல் கதவு சும்மா சாத்தியிருந்தது. வடிகட்டியில் நெத்திலியைக் கொட்டி ஆவி பறக்கத் திரும்பியபோது, அடுப்படி வாசலில் அந்தப் பெண் நின்றாள்.

மெலிந்திருந்தாள். உள்ளே வந்து வடிகட்டியில் இருந்து ஒரு நெத்திலியை எடுத்து விரல்களுக்கு நடுவே நசுக்கினாள். சதை வெந்து உதிர்ந்தது.

"கொதி வந்து எவ்வளவு நேரம் விடறீங்க அண்ணி?"

"ஒரே கொதிதான்" என்றாள் அக்கா. ஒரே அடுப்படியில் புழங்கியவர்கள் கேட்டுக்கொள்கிற மாதிரி கேட்டதால், யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது.

"அப்ப நான் வச்சிட்டுப் போனதெல்லாம்?"

அக்காவின் கண் குளியலறைக் கதவுப் பக்கம் போய்விட்டு வந்தது. அந்தப் பெண் அந்தக் கதவைப் பார்த்தாள். விரலில் ஒட்டியிருந்த சதையைக் குழாயில் கழுவினாள். வெகு நேரம் கழுவினாள்.

கத்துவாள், முடியைப் பிடிப்பாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். அப்படிச் செய்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அந்தப் பெண் உள்ளே போய்த் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே பேசினாள்.

"நான் சொன்னா அவர் நம்ப மாட்டார் அண்ணி. பழியைத் தூக்கி உங்க மேல போடறேன்னுதான் நினைப்பார். நீங்க சொன்னா நம்புவார். மீனுக்காகச் சொல்ல வேணாம். அன்னைக்கு என்னைச் சொன்னாரே ஒரு வார்த்தை, அது தப்புன்னு அவருக்குத் தெரிஞ்சா போதும். நான் வந்துடுவேன்."

"சொல்றேன்" என்றாள் அக்கா.

"உங்களை வெளிய போகச் சொன்னார்னா நான் விட மாட்டேன்."

"சொல்றேம்மா. வந்ததும் சொல்லிடறேன்."

அந்தப் பெண் அக்காவின் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டாள். பிறகு போனாள். அக்கா மெய்யாகவே சொல்லத்தான் நினைத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தம்பி, ஒரு விஷயம். தம்பி, கோபப்படாம கேளு. அப்போது தெருமுனையில் அவனுடைய பைக் சத்தம் கேட்டது. கேட்டதுதான் தாமதம், அவள் கை வடிகட்டியைத் தூக்கிற்று, கால் தானாகக் குளியலறைக்குப் போயிற்று. வெந்த நெத்திலி ஒரு வாளித் தண்ணீரோடு போயிற்று.

தம்பி கனத்த பையோடு வந்தான். வீட்டைச் சுற்றி ஒரு தடவை பார்த்தான். படுக்கையறைக் கொடி காலியாக இருப்பதையும் பார்த்தான். அடுப்படிக்கு வந்து பையைத் தரையில் கொட்டிவிட்டு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இனிமேல் நீ ஒண்டியாக் கஷ்டப்படாதே, நானும் கூட உட்கார்ந்து செய்கிறேன் என்றான். வேலைக்குப் போவதற்கு முன்னும் வந்த பின்னும் மீனுக்குத் தானே போடப் போகிறானாம். வீட்டுக்கு வந்தால் வேறென்ன வேலை இருக்கிறது எனக்கு என்றான். அவள் மாதிரியே நகத்தைக் கொடுத்துக் கிள்ளிப் பார்த்தான். மீன் நசுங்கியது. அக்கா அதை வாங்கிச் சரிசெய்தாள்.

இரண்டு பேருமாக ஆய்ந்தார்கள். குவியல் குறைந்துகொண்டே வந்தது. அடுப்பின் மேல் பாத்திரம் இன்னும் சூடாகத்தான் இருந்தது. அவன் எட்டித் தொட்டுப் பார்த்துவிட்டு, வெந்நீர் எதுக்கு வச்சே என்று கேட்டான். காலுக்கு ஒத்தடம் கொடுக்க என்றாள்.

அவன் தலையைக் குனிந்தபடியே கேட்டான். குரல் வேறு மாதிரி இருந்தது. கிரீஸ் படிந்த பெரிய கை ஒரு சின்ன நெத்திலியைப் பிடித்தபடி சும்மா இருந்தது.

"அவ ஏதாவது சொன்னாளா அக்கா?"

அவனும் அதற்காகத்தான் காத்திருந்தான் என்பது அக்காவுக்கு அப்போது தெரிந்தது. ஒரு வார்த்தை கிடைத்தால் போதும், இந்தப் பையை இப்படியே போட்டுவிட்டு ஓடுவான். அவளைக் கூட்டிக்கொண்டு வருவான். வந்த பிறகு இந்த அடுப்படியில் அவர்கள் இரண்டு பேரும் நிற்பார்கள், தான் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். அந்தப் பெண் விட மாட்டேன் என்று சொன்னாள்தான். சொன்னவள் நல்லவள்தான். ஆனால் ஒருவர் இரக்கத்தில் எத்தனை நாள் தட்டில் கை வைப்பது?

"ஒண்ணும் சொல்லலை" என்றாள் அக்கா. "துணியை எடுத்துட்டுப் போயிட்டா."

தம்பி தலையை ஆட்டினான். கையில் இருந்த நெத்திலியை ஆய்ந்தான். இந்தத் தடவை நசுங்காமல் வந்தது.

அக்கா பச்சை நெத்திலியை ஜாரில் அள்ளிப் போட்டாள். இறாலும் கீரையும் பட்டாணியும் போட்டு மூடியை அழுத்திப் பிடித்தாள். தம்பி எழுந்து சுவிட்சைப் போட்டான். மிக்ஸி சத்தம் வீடு முழுக்க நிறைந்தது. பின்னறைத் தொட்டியில் மீன்கள் எல்லாம் கண்ணாடிக்கு ஓடி வந்து, நேராக நின்று காத்திருந்தன.